மெலிந்த துணியும் இடம் மாறிய பழியும்

2013 மார்ச் 18 அன்று, கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து இயங்கும் லுலுலெமன் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அந்த மாதத் தொடக்கத்திலிருந்து கடைகளுக்கு வந்துசேர்ந்த கறுப்பு யோகா பேன்ட்டுகளில் ஒரு பகுதி, அணிந்தால் உள்ளே இருப்பது தெரியும் அளவுக்கு மெலிதாக இருக்கிறது. அவற்றைக் கடைகளிலிருந்தும் இணைய விற்பனையிலிருந்தும் எடுத்துவிட்டோம். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துப் பணத்தையோ வேறு பேன்ட்டையோ பெற்றுக்கொள்ளலாம் என்றது அந்த அறிவிப்பு. கடைகளில் இருந்த பெண்கள் பேன்ட்டுகளில் ஏறத்தாழ 17 சதவீதம் ஒரே வீச்சில் அலமாரியிலிருந்து இறங்கின. ஒரு பேன்ட்டின் விலை 100 டாலரை நெருங்கியது. அந்த விலையைப் பெண்கள் முணுமுணுக்காமல் கொடுத்துவந்ததற்குக் காரணம், அந்தத் துணியின் மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கை.

சிப் வில்சன் என்பவர் 1998இல் தொடங்கிய நிறுவனம் இது. யோகா செய்யும் பெண்களுக்கென்று தனியாக உடை தைக்கலாம் என்ற எண்ணமே அப்போது புதிது. 86 சதவீதம் நைலானும் 14 சதவீதம் லைக்ராவும் கலந்து பின்னப்பட்ட ‘லூவான்’ என்ற துணிதான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. அது நீளும், திரும்பி வரும், வியர்வையில் ஒட்டாது, கால்களை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நிறுவனம் 2007இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 2012 நிதியாண்டின் விற்பனை 137 கோடி டாலர். அதாவது, குறை வந்தது ஓரத்தில் கிடந்த ஒரு பொருளில் இல்லை. நிறுவனத்தின் பெயரே எதன்மேல் நின்றதோ, அந்தக் கறுப்பு பேன்ட்டில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வணிகப் பள்ளிகளில் பலவிதமாகப் பாடம் சொல்கிறார்கள். தரக் கட்டுப்பாட்டுத் தோல்வி என்பார்கள் சிலர். நெருக்கடிக் காலத்தில் பேசத் தெரியாத தலைமை என்பார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த ஒன்பது மாத நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று துலக்கமாகத் தெரிகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு வெட்கம் தரும் குறை ஒரு பொருளில் நேர்ந்தால், அந்த வெட்கத்தை யாராவது ஏற்க வேண்டியிருக்கிறது. லுலுலெமன் அதை முதலில் தைவானுக்கு நகர்த்தப் பார்த்தது. பிறகு அதன் நிறுவனரே அதைப் பெண்களின் உடம்புக்கு நகர்த்தினார். துணி கெட்டதைவிட இந்த நகர்த்தல்தான் ஆழமாகப் பாதித்தது என்பது என் வாதம்.

பிரேக் பழுதான காரும், நஞ்சு கலந்த உணவும் ஆளைக் காயப்படுத்துகின்றன. அங்கே புகார் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. மெலிந்த பேன்ட் யாரையும் காயப்படுத்துவதில்லை. அதை அணிந்தவரைக் கூனிக்குறுக வைக்கிறது. அதிலும் ஒரு கொடுமை உண்டு. குறை தெரிவது முதுகுப்புறம், அதுவும் குனியும்போது. அணிந்தவரால் அதைப் பார்க்கவே முடியாது. யோகா வகுப்பில் பின்வரிசையில் இருப்பவர் பார்த்திருப்பார். தோழி யாராவது தயங்கித் தயங்கிச் சொல்லியிருப்பார். யாரும் சொல்லாமலே எத்தனையோ வகுப்புகள் கழிந்திருக்கும். தெரிந்துகொண்ட பிறகும் கடைக்குப் போய் ஒரு விற்பனையாளரிடம் அதை விளக்குவது எளிதா? பெரும்பாலானோர் அந்தப் பேன்ட்டை அலமாரியின் அடியில் தள்ளிவிட்டு, அடுத்த முறை வேறு கடைக்குப் போவார்கள். ஆகவே இந்த வகைக் குறையில் புகார்களின் எண்ணிக்கையை வைத்துப் பாதிப்பை அளக்கக் கூடாது. புகார் குறைவாக வருவதே குறையின் இயல்பு. வந்திருக்கும் ஒவ்வொரு புகாருக்கும் பின்னால் வாய்திறக்காத பலர் இருப்பார்கள் என்று நிறுவனம் தானாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்த வகையில் லுலுலெமனின் முதல் அடி சரியான அடி என்றே சொல்ல வேண்டும். மறைக்கவில்லை, எவ்வளவு சரக்கு என்பதைச் சொன்னது, எந்தத் தேதிக்குப் பிறகு வந்தவை என்பதைச் சொன்னது, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. மூன்று நாள் கழித்து, அந்த ஆண்டில் 5.7 கோடி முதல் 6.7 கோடி டாலர் வரை வருவாய் இழப்பு வரலாம் என்று முதலீட்டாளர்களிடம் எண்ணைச் சொல்லியே ஒப்புக்கொண்டது. இழப்பை ஒளிக்காமல் மேசைமேல் வைப்பது பெரிய நிறுவனங்களிடம் அடிக்கடி காணக் கிடைக்காத பண்பு.

சிக்கல் அதே அறிவிப்பின் இன்னொரு வாக்கியத்தில் இருந்தது. துணியின் சேர்மானமும் எடையும் உழைப்பும் முன்பு இருந்தபடியே இருக்கின்றன, மறைக்கும் தன்மை மட்டும் குறைந்துவிட்டது என்று நிறுவனம் கூறியது. துணியைத் தந்த ஆலையோடு சேர்ந்து காரணத்தை ஆராய்வதாகவும் சொன்னது. எதுவுமே மாறாமல் துணி எப்படி மெலிந்தது?

இங்கே சற்று நின்று பின்னல் துணியைப் பார்க்க வேண்டும். திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கும் எவருக்கும் இது கைவந்த விஷயம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக இறுகியிருக்கும். பின்னல் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது. இழுத்தால் கண்ணி விரியும். விரிந்த கண்ணிக்கு நடுவே வெளிச்சம் நுழையும். துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, அதாவது ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். துணியை மேசையில் பரப்பி, வட்டமாக வெட்டியெடுத்து, தராசில் வைத்து இதை அளக்கிறார்கள். மேசையில் கிடக்கும் துணியை யாரும் இழுப்பதில்லை.

உடம்பு இழுக்கிறது. உட்காரும்போதும் குனியும்போதும் பின்புறத் தோல் கால் பங்குக்கு மேல் நீள்கிறது. இறுக்கமான பேன்ட்டும் அதோடு சேர்ந்து நீண்டாக வேண்டும். கணக்கை எளிமையாக்கி ஓர் உதாரணம் பார்க்கலாம். 250 ஜி.எஸ்.எம். துணி நீளவாக்கில் 30 சதவீதமும் அகலவாக்கில் 20 சதவீதமும் நீள்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் பரப்பு 1.56 மடங்கு ஆகும். அதே நூல் அவ்வளவு பரப்பையும் மூட வேண்டும். கனம் 160 ஆக இறங்கிவிடும். ஜி.எஸ்.எம். 5 சதவீதம் கூடலாம் குறையலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம். அதன்படி 238 கிராம் துணி வந்தாலும் ஆலைமேல் குற்றம் சொல்ல முடியாது. அது உடம்பில் 152 ஆகும். இதோடு, வடிவமைப்பாளர் ஒருவர் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று பின்பாகத்தின் அகலத்தை 5 சதவீதம் குறைத்து வெட்டினார் என்றால், துணி இன்னும் நீள வேண்டியிருக்கும். கனம் 145க்கு இறங்கும். ஆலை விதிக்குள்தான் இருக்கிறது, வடிவமைப்பாளர் செய்தது சிறு மாற்றம்தான், பரிசோதனைக்கூடம் துணியைத் தேர்ச்சி என்றே எழுதியிருக்கும். ஆனாலும் பேன்ட் பயன்படாது.

நூலும் இதில் பங்கெடுக்கிறது. நைலான் இழை இயல்பில் கண்ணாடி போல ஒளியை விடும். மங்கலாக்க டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ப்பார்கள். எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து மறைக்கும் திறன் மாறும். லைக்ரா இழை நைலானைப் போலச் சாயம் பிடிக்காது. கறுப்புத் துணியை நன்றாக இழுத்தால் கண்ணிகளுக்கிடையே அது வெளிறித் தெரியும். வெள்ளைத் துணியில்தான் உடம்பு தெரியும், கறுப்பில் தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்வது இறுக்கமான பின்னல் உடைக்குப் பொருந்தாது.

இந்த விளக்கம் ஊகமல்ல என்பதற்கு நிறுவனத்தின் சொல்லே சான்று. மார்ச் 21 அன்று அது வெளியிட்ட விவரத்தில் மூன்று ஒப்புதல்கள் இருந்தன. துணி, நிறுவனமே வகுத்த எல்லையின் கீழ்முனையில் இருந்திருக்கலாம். சோதனை முறைகள் துணியின் சில மாறுபாடுகளைக் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றோடு வெட்டு வடிவத்தில் செய்த நுண்ணிய மாற்றங்களும் சேர்ந்துகொண்டன. வேறு விதமாகச் சொன்னால், எல்லை வகுத்ததும் சோதித்ததும் வடிவத்தை மாற்றியதும் நிறுவனமேதான்.

ஆனால் அதற்குள் மூன்று நாள் கடந்திருந்தது. துணி தந்தது தைவானின் எக்லாட் டெக்ஸ்டைல் என்ற ஆலை என்பதும், 2004இலிருந்தே இரு தரப்புக்கும் உறவு இருந்தது என்பதும் செய்திகளில் வந்துவிட்டன. ‘தைவான் ஆலையின் மோசமான சரக்கு’ என்ற எண்ணம் வாசகர் மனத்தில் பதிந்துவிட்டது. எக்லாட்டின் நிதித் தலைமை அதிகாரி வெளிப்படையாக மறுத்தார்: லுலுலெமன் ஒப்புக்கொண்ட சான்றிதழ் நடைமுறைப்படியே எல்லாச் சரக்கும் போனது, ஒப்பந்தத்தில் கேட்டபடியே செய்து கொடுத்தோம் என்றார். பெரிய வாடிக்கையாளருக்கு எதிராக ஓர் ஆலை இப்படிப் பத்திரிகையில் பேசுவது அரிது. ஆர்டர் போய்விடும் என்ற அச்சம் எப்போதும் இருக்கும்.

திருப்பூரிலும் கொழும்பைச் சுற்றியுள்ள ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோருக்கு இந்த அச்சம் புதிதன்று. இன்று லுலுலெமனின் உடைகளில் ஒரு பகுதி இலங்கையில் தைக்கப்படுகிறது. வாங்கும் நிறுவனம் எழுதிக் கொடுத்த விவரச்சீட்டில் ஓட்டை இருந்தால், அந்த ஓட்டை வழியாக விழும் நட்டத்தையும் ‘டெபிட் நோட்’ என்ற பெயரில் தயாரிப்பாளர் தலையில் ஏற்றுவது இந்தத் தொழிலில் நடப்பதுதான். பணத்தையாவது அடுத்த ஆர்டரில் ஈடுகட்டலாம். பெயருக்கு வந்த கேட்டை ஈடுகட்ட வழியில்லை. தயாரிப்பாளருக்கு வாடிக்கையாளர் முன்னால் நின்று பேச மேடையே கிடையாது. எக்லாட்டின் பெயர் செய்தியில் வந்த வேகத்தில் அதன் விடுவிப்பு வரவில்லை.

இதன் பிறகுதான் உலகம் முழுக்கச் சிரித்த அந்தப் பேச்சு வந்தது. அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ்டீன் டே, முதலீட்டு ஆய்வாளர்களோடு பேசும்போது, பேன்ட்டை அணிந்து குனிந்து பார்ப்பதுதான் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க ஒரே வழி என்றார். அவர் சொல்ல வந்தது தொழில்நுட்ப உண்மையின் ஒரு பாதி: மேசைச் சோதனையில் இது பிடிபடாது என்பது. மறுபாதியை அவர் சொல்லவில்லை. துணியைச் சட்டகத்தில் குறிப்பிட்ட அளவு இழுத்து மாட்டி, அதன் பின்னால் ஒரு முறை கறுப்புத் தகட்டையும் ஒரு முறை வெள்ளைத் தகட்டையும் வைத்து, திரும்பி வரும் ஒளியை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் அளந்தால் மறைக்கும் திறன் எண்ணாகவே கிடைத்துவிடும். இந்தக் கருவி ஓரளவு பெரிய சாயப்பட்டறை எதிலும் நிறம் பார்க்க இருக்கிறது. அளக்க முடியாத குறை இல்லை அது. அளக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்காத குறை.

அந்தப் பேச்சு கடைகளில் எப்படி எதிரொலித்தது என்பது வருத்தம் தரும் பகுதி. பேன்ட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அணிந்து குனிந்து காட்டச் சொன்னார்கள் என்று சில வாடிக்கையாளர்கள் பொதுவெளியில் எழுதினார்கள். அப்படி ஒரு விதி கிடையாது என்று நிறுவனம் மறுத்தது. விதி இல்லை என்பதை நம்பலாம். ஆனால் கடையில் நிற்கும் விற்பனையாளருக்கு எது குறையுள்ள பேன்ட், எது இல்லை என்று பிரித்தறிய வேறு வழி தரப்பட்டிருந்ததா என்பதுதான் கேள்வி. மேலிடம் வாயில் வந்ததைச் சொல்லும்போது கீழே இருப்பவர் அதையே நடைமுறையாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. இத்தகைய குறையில் ரசீது போதும், அல்லது லேபிளே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை என்று கடைசி ஊழியர் வரை எழுத்தில் போயிருக்க வேண்டும். வெட்கப்பட்டவரையே வெட்கத்துக்குச் சாட்சி சொல்லக் கேட்பது, குறையை இரண்டாம் முறை அவர்மேல் சுமத்துவது.

ஏப்ரலில் தயாரிப்புப் பிரிவின் தலைமை அதிகாரி வெளியேறினார். ஜூன் மாதம் சரிசெய்யப்பட்ட பேன்ட்டுகள் மறுபடி கடைக்கு வந்தன. அதே ஜூன் 10 அன்று கிறிஸ்டீன் டே பதவி விலகப்போவதாக அறிவித்தார்; மறுநாள் பங்கின் விலை 17 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. அதோடு இந்தக் கதை முடிந்திருக்கலாம். ஒரு துணிக்குறை, ஒரு திரும்பப் பெறுதல், சில பதவி விலகல்கள் என்ற அளவில்.

நவம்பர் 5 அன்று நிறுவனரும் தலைவருமான சிப் வில்சன் ப்ளூம்பெர்க் தொலைக்காட்சியில் பேசினார். பேன்ட்டுகளைப் பற்றி இன்னும் புகார் வருகிறதே என்று கேட்டபோது, சில பெண்களின் உடல் இந்தப் பேன்ட்டுக்கு ஒத்துவராது என்ற பொருளில் பதில் சொன்னார். தொடைகள் உரசுவதும், எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதும்தான் காரணம் என்றார்.

இந்தப் பதிலில் உள்ள தவறு மரியாதைக் குறைவோடு நிற்கவில்லை. அது உண்மைக்கும் எதிரானது. எட்டு மாதம் முன்பு அவருடைய நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்டது: துணி எல்லையின் கீழ்முனையில் இருந்திருக்கலாம், சோதனை முழுமையாக இல்லை, வடிவம் மாறியது. அந்த மூன்றில் எதிலும் வாங்கியவரின் தொடை வரவில்லை. அப்போது நிறுவனம் பெண்களுக்கு 12ஆம் அளவுக்கு மேல் தைப்பதே இல்லை. அந்த எல்லைக்குள் தன் அளவைத் தேடி, விலை கொடுத்து, நிறுவனமே அளவெண் ஒட்டி விற்ற உடையை வாங்கிய ஒருவரிடம், உன் உடம்பு சரியில்லை என்று சொன்னார் அவர். அளவெண் என்பது தைப்பவர் தரும் உறுதி. இந்த உடம்புக்கு இது பொருந்தும் என்று சொல்லித்தான் அந்த எண்ணை ஒட்டுகிறார்கள்.

மூன்று நாள் கழித்து அவர் ஒரு காணொளியில் வருத்தம் தெரிவித்தார். அந்தப் பேச்சு நிறுவனத்தின் ஊழியர்களை நோக்கியே இருந்தது. தன் செயலால் அவர்கள் படும் துன்பத்துக்காக வருந்துவதாகச் சொன்னார். யாருடைய உடம்பைப் பற்றிப் பேசினாரோ அந்தப் பெண்களிடம் அவர் திரும்பவில்லை. அது பரவலாகக் கண்டிக்கப்பட்டது. டிசம்பரில், புதிய தலைமைச் செயல் அதிகாரியாக லோரான் போதவான் அறிவிக்கப்பட்ட அதே நேரத்தில், வில்சன் தலைவர் பொறுப்பிலிருந்து விலகுவார் என்ற செய்தியும் வந்தது.

அதே நவம்பரில் நிறுவனம் செய்த இன்னொரு காரியம் இந்த இரைச்சலில் கவனம் பெறாமல் போய்விட்டது. மார்ச்சில் எடுக்கப்பட்ட பேன்ட்டுகளில் சிலவற்றுக்குப் பின்புறம் கூடுதல் துணி வைத்துத் தைத்து, ‘இரண்டாம் வாய்ப்பு’ என்ற பொருள்படும் பெயரிலேயே 92 டாலருக்கு விற்பனைக்கு வைத்தது. விலை அதிகம் என்பது உண்மை. ஆனாலும், எங்கே தவறு நடந்தது, என்ன ஒட்டுப்போட்டிருக்கிறோம் என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டு வெளியே வந்த உடை அது. தவறைத் துணியிலேயே, தையலிலேயே தேடித் திருத்திய கைகள் நிறுவனத்துக்குள் இருந்தன. நிறுவனரின் பேச்சு அவர்கள் வேலையையும் சேர்த்துக் கெடுத்தது.

இது ஒரு நிறுவனத்தின், ஒரு மனிதரின் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் பயிற்சிக்குக் கூடியபோது, நைக்கி வடிவமைத்து ஃபனாட்டிக்ஸ் நிறுவனம் தைத்துக் கொடுத்த புதிய சீருடையின் வெள்ளைப் பேன்ட்டுகளில், உள்ளே செருகியிருந்த சட்டையின் ஓரம் வெளியே தெரிந்தது. படங்கள் உலகைச் சுற்றின. முதுகில் இருந்த பெயரெழுத்துகள் சிறுத்திருந்தன. சட்டையின் சாம்பல் நிறமும் பேன்ட்டின் சாம்பல் நிறமும் ஒத்துப்போகவில்லை. இங்கேயும் முதல் பதில், பேன்ட்டின் துணி முன்பு இருந்ததேதான் என்பதாகவே இருந்தது. ரசிகர்களின் கோபம் தைத்துக் கொடுத்த ஃபனாட்டிக்ஸ்மீது விழுந்தது. எங்களிடம் என்ன சொன்னார்களோ அதையே செய்தோம் என்று அதன் தலைவர் மைக்கேல் ரூபின் வெளிப்படையாகவே முறையிட்டார். பதினொரு ஆண்டு முன்பு தைவானிலிருந்து வந்த அதே வாக்கியம்.

ஆனால் இந்த முறை ஒரு வேறுபாடு இருந்தது. அணிந்தவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஏப்ரலில் ஆட்டக்காரர்கள் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு அனுப்பிய குறிப்பில், இது அடிப்படையில் நைக்கியின் பொறுப்பு, ஃபனாட்டிக்ஸின் தவறன்று என்று தெளிவாக எழுதியது. எழுத்துகளைப் பெரிதாக்குவது, பேன்ட்டை மறுபடியும் ஆளுக்கேற்ப அளவெடுத்துத் தைப்பது என்று மாற்றங்கள் 2025 பருவத் தொடக்கத்துக்குள் வரும் என்பதும் அதில் சொல்லப்பட்டது. எந்த ஆட்டக்காரரிடமும் உங்கள் தொடை பெரிது என்று யாரும் சொல்லவில்லை. பேஸ்பால் ஆட்டக்காரர்களின் தொடைகள் பெரியவைதான். கடையில் தனித்தனியே உடை வாங்கும் பெண்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை என்பதே வில்சனுக்கு அந்தத் துணிவைத் தந்தது என்று நினைக்கிறேன்.

பழி ஆலைமேல் விழவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், இந்தியாவின் வெல்ஸ்பன் நிறுவனத்திடமிருந்து எகிப்தியப் பருத்தி என்ற பெயரில் வாங்கிய படுக்கை விரிப்புகளிலும் தலையணை உறைகளிலும் ஏறத்தாழ 7,50,000, வேறு பருத்தியால் செய்யப்பட்டிருந்ததைக் கண்டறிந்து உறவை முறித்தது. வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் தந்தது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியது ஒன்று, வந்தது வேறொன்று. எக்லாட் விஷயத்தில் எழுதியதுதான் வந்தது. இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு நிறுவனத்துக்கு வேண்டியது, தன் விவரச்சீட்டை எடுத்து ஒரு முறை நேர்மையாகப் படிப்பது. அதைப் படித்து முடிக்கும்வரை ஆலையின் பெயர் வாயில் வரக் கூடாது. ‘காரணத்தை ஆராய்கிறோம், அதுவரை பொறுப்பு எங்களுடையது’ என்று சொல்லியிருந்தால் லுலுலெமனுக்கு அந்த மூன்று நாளில் ஒரு காசும் கூடுதலாகச் செலவாகியிருக்காது.

பணக் கணக்கு என்ன சொல்கிறது? இதில் ஒளிவுமறைவு கூடாது: லுலுலெமன் வீழ்ந்துவிடவில்லை. 2013 நிதியாண்டிலும் விற்பனை 16 சதவீதம் வளர்ந்து 159 கோடி டாலரைத் தொட்டது. இன்று அது ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிய நிறுவனம். பங்குதாரர்கள் தொடுத்த வழக்கை 2014இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மோசமான நிர்வாகம் வேறு, மோசடி வேறு என்பதே அங்கே நின்ற வாதம். ஆகவே, வாடிக்கையாளரை அவமதித்தால் நிறுவனம் அழியும் என்று யாராவது சொன்னால் அதற்கு இந்த நிகழ்வு சான்றாகாது. ஆனால் 2013 ஜூன் தொடக்கத்தில் 80 டாலரைத் தாண்டியிருந்த பங்கு, ஓராண்டு கழித்து 40க்குக் கீழே கிடந்தது. அதற்குக் கடைக் கிளைகள் அதிகமானது, கேப் நிறுவனத்தின் அத்லெட்டா போன்ற போட்டியாளர்கள் வளர்ந்தது எனப் பல காரணங்கள் உண்டு. போட்டியாளர்கள் வளர ஓர் ஆண்டு முழுக்கக் கதவைத் திறந்து வைத்தது எது என்பதை வாசகரே ஊகிக்கலாம். அழியாமல் தப்பிய நிறுவனம் சரியாக நடந்துகொண்டது என்று பொருளாகாது. அவமதிக்கப்பட்டவர்களின் கணக்கு பங்கு விலையில் பதிவாவதில்லை.

2020இல் நிறுவனம் தன் முக்கிய உடைகளை 20ஆம் அளவு வரை தைக்கத் தொடங்கியது. இது தொழில்நுட்பரீதியாகவும் முக்கியமான மாற்றம். உடை ஒன்றை வடிவமைக்கும்போது நடுத்தர அளவில் ஒரு மாதிரி தைத்து, ஒரு பெண்ணுக்கு அணிவித்துப் பார்த்து, பிறகு மற்ற அளவுகளைக் கணக்குப் போட்டுப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் வழக்கம். நடு அளவில் துணி எவ்வளவு நீள்கிறதோ, அதே அளவுதான் எல்லா அளவிலும் நீளும் என்ற எண்ணம் அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. உடம்பு அப்படி ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. ஆகவே ஒவ்வோர் அளவிலும், ஒவ்வொரு சாயத் தொகுதியிலும் சில பேன்ட்டுகளை உண்மையான பெண்கள் அணிந்து, உட்கார்ந்து, குனிந்து பார்த்த பிறகே சரக்கு கப்பல் ஏற வேண்டும். கிறிஸ்டீன் டே சொன்ன அந்தச் சோதனை தேவையான சோதனைதான். அது நடக்க வேண்டிய இடம் ஆலையின் சோதனை அறை. செய்ய வேண்டியவர்கள் அதற்கென்று சம்பளம் வாங்குபவர்கள்.

2024 ஜூலையில் லுலுலெமன் 98 டாலர் விலையில் ‘ப்ரீஸ்த்ரூ’ என்ற புதிய லெக்கிங்ஸைக் கொண்டுவந்தது. பின்புறத் தையல் கோடு ஆங்கில வி எழுத்தின் வடிவில் விழுந்து உடலை அசிங்கமாகக் காட்டுகிறது என்று வாங்கியவர்கள் எழுதினார்கள். துணி மெலியவில்லை, கிழியவில்லை. எந்தக் கருவியும் இதைக் குறை என்று காட்டியிருக்காது. சில வாரங்களிலேயே நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. ஆலையின் பெயர் எங்கும் வரவில்லை. வாங்கியவர்களின் உடம்பைப் பற்றி நிறுவனத்தில் யாரும் பேசவில்லை. அந்த லெக்கிங்ஸை வெளியிடுவதற்கு முன் எத்தனை அளவுள்ள பெண்களுக்கு அணிவித்து, அவர்களிடமே கண்ணாடியில் பார்த்துச் சொல்லக் கேட்டார்கள் என்பதை நிறுவனம் வெளியிட்டால், இந்தத் தொழிலில் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படும்.